குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்

“அண்ணா, பெர்சியன் குட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். நல்ல ப்ரீடர் யாராவது தெரியுமா?”

பூனை வளர்க்கிற வீடு என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். கேள்விக்குப் பின்னாலேயே இன்ஸ்டாகிராம் வீடியோ ஒன்றும் வரும். ரோஜா நிற மெத்தையில் வெள்ளைக் குட்டி உருளும், பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும். கீழே ஒரு வரி: “ப்யூர் பெர்சியன், டிரிபிள் கோட், பஞ்ச் ஃபேஸ், ப்ளூ ஐஸ், ஆறு வாரம், பேப்பர் உண்டு, தமிழ்நாடு முழுக்க டெலிவரி.”

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் நீட்டி முழக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. பெர்சியனை வைத்தே எழுதுகிறேன். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அதிகம் விற்கிற ஜாதிப் பூனை அதுதான். மற்ற ஜாதிகளை ஆங்காங்கே தொட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த ஒரு வரி விளம்பரம்

அந்த வரியில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

டிரிபிள் கோட். சிங்கிள், டபுள், டிரிபிள் என்று படிப்படியாக விலை ஏற்றுவார்கள். உலகத்தில் பூனைகளைப் பதிவு செய்யும் எந்தப் பெரிய அமைப்பின் பெர்சியன் தரநிலையிலும் இப்படி ஒரு வகைப்பாடு கிடையாது. பெர்சியனுக்கு மேலே நீண்ட முடி, அடியில் மென்மையான அடர்முடி. அவ்வளவுதான். மூன்றாவது அடுக்கு விற்பவரின் வாயில் மட்டும்தான் முளைக்கிறது.

பஞ்ச் ஃபேஸ். மூக்கு உள்ளே அமுங்கி, முகம் தட்டையாக இருப்பது. மூக்கு ஓரளவு தெரிந்தால் ‘டால் ஃபேஸ்’, இரண்டுக்கும் நடுவில் ‘செமி பஞ்ச்’. பஞ்ச் என்றால் விலை அதிகம். ஆனால் முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு தொல்லை. மூக்குத் துவாரம் குறுகியிருக்கும், கண்ணீர் வடிகிற குழாய் மடிந்து கண்ணோரம் எப்போதும் பழுப்பாக ஈரம் கசியும், மேல் கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, பிரசவமும் சிக்கலாகும். நம் ஊர் மே மாத வெயிலில், வாயைத் திறந்து இரைக்கிற பெர்சியனைப் பார்த்தவர்கள் பஞ்ச் ஃபேஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்கமாட்டார்கள். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, மூக்கு வெளியே தெரிகிற பூனைதான்.

ப்ளூ ஐஸ். எந்தப் பூனைக்குட்டியும் கண் திறக்கும்போது நீலக் கண்ணோடுதான் இருக்கும். ஆறேழு வாரத்துக்குப் பிறகுதான் உண்மையான நிறம் மெல்ல வெளியே வரும். ஆறு வாரக் குட்டியை ‘நீலக்கண் பெர்சியன்’ என்று கூடுதல் விலைக்கு விற்பது சுலபம். மூன்றாம் மாதத்தில் கண் மஞ்சளாகும்போது நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? இன்னொன்று, உடம்பு முழுக்க வெள்ளையாகவும் இரண்டு கண்ணும் நிஜமாகவே நீலமாகவும் இருக்கிற பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதை எந்த விளம்பரமும் சொல்லாது.

ஆறு வாரம். இந்த வரியிலேயே மோசமான இரண்டு சொற்கள் இவைதான். குட்டி நாலாவது வாரத்தில்தான் திட உணவை நக்கிப் பார்க்கத் தொடங்குகிறது. தாயின் சீம்பாலில் கிடைத்த நோய் எதிர்ப்பு ஆறு வாரத்தில் இருந்து குறைந்துகொண்டே வரும். தடுப்பூசியோ அந்த வயதில் முழுமையாகப் பிடித்திருக்காது. தாயிடம் வாங்கியது தீர்ந்து, தானாகச் சம்பாதிக்காத அந்த இடைவெளியில் குட்டியைப் பிரித்து, கூடையில் போட்டு, புது வீட்டுக்கு அனுப்பினால் வயிற்றுப்போக்கும் சளியும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குணத்துக்கும் கேடு. 2017இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளின் விவரங்களை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை அதிகம் சீறுகின்றன, கடிக்கின்றன. பதினாலு வாரம் வரை தாயோடு இருந்தவை அமைதியாக இருக்கின்றன என்பதுதான் அதன் சாரம். பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பான ஜி.சி.சி.எஃப். 13 வாரம் ஆகாத குட்டியைக் கைமாற்றக் கூடாது என்கிறது. நம் ஊரில் ஆறு வாரத்திலேயே விற்றுவிட ஒரே காரணம் செலவு. ஆறாவது வாரத்துக்குப் பிறகுதான் குட்டிகள் அதிகம் தின்னும், தடுப்பூசி போட வேண்டிவரும்.

பேப்பர் உண்டு. இதற்குத் தனியாக வருகிறேன்.

டெலிவரி. ஆம்னி பஸ் டிக்கியில் பழக்கூடைக்குள் வருகிற உயிரை வாங்காதீர்கள். மூச்சுத் திணறியோ சூட்டிலோ வழியிலேயே போய்விடும் குட்டிகள் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு குட்டியே அனுப்பாத கும்பலும் உண்டு. அவர்களின் முறை ஒன்றேதான்: முதலில் பாதிப் பணம், பிறகு ‘வண்டிச் செலவு’, பிறகு ‘இன்சூரன்ஸ்’, கடைசியில் சுவிட்ச் ஆஃப். அப்படி மாட்டிக்கொண்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

தாய் எங்கே?

“தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் பார்க்க வேண்டாம்” என்று நம் பெரியவர்கள் சொன்னது பெண் பார்க்கிற விஷயத்துக்கு. இந்தக் காலத்தில் அதைக் கல்யாணத்துக்குச் சொன்னால் அடி விழும். பூனைக்கு அப்படியே பொருந்தும். மாட்டுச் சந்தையில் கன்றுக்குட்டியின் துள்ளலைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லையே. பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், தாய் எத்தனை படி கறக்கும் என்று கேட்பார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்வரை நம் குடும்பங்களில் இருந்த அந்தக் கண், செல்போன் திரையில் வெள்ளைக் குட்டியைக் கண்டதும் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை.

அதனால் ப்ரீடரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “தாயோட சேர்த்துக் குட்டியை நேர்ல வந்து பார்க்கலாமா?”

“தாய் ஊர்ல இருக்கு சார்”, “இப்ப மேட்டிங்குக்குப் போயிருக்கு”, “வெளி ஆள் வந்தா இன்ஃபெக்‌ஷன் ஆகிடும், வீட்டுக்கு விடமாட்டோம், ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல வாங்கிக்கோங்க” — இந்த மூன்றில் எது வந்தாலும் அங்கேயே நன்றி சொல்லி போனை வையுங்கள். தொற்று பயம் நியாயமானதுதான். உண்மையான ப்ரீடர் அதற்கு வழி வைத்திருப்பார். முதல் தடுப்பூசிக்குப் பிறகு வரச் சொல்வார், செருப்பை வெளியே விடச் சொல்வார், கை கழுவச் சொல்வார், அதே நாளில் இன்னொரு பூனை வீட்டுக்குப் போய்விட்டு வராதீர்கள் என்பார். அதுவரை வீடியோ காலில் தாயையும் குட்டிகளையும் ஒன்றாகக் காட்டுவார். தகப்பன் பூனை வேறு இடத்தில் இருப்பது வழக்கம்தான்; வெளியிலிருந்து இணை சேர்ப்பார்கள். ஆனால் பாலூட்டுகிற தாய் குட்டிகளோடுதான் இருக்க வேண்டும்.

போனதும் என்ன பார்ப்பது? முதலில் மூக்கு. வாசலிலேயே மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் அங்கே இடத்துக்கு மீறிப் பூனைகள் இருக்கின்றன என்று அர்த்தம். அடுத்து, பூனைகள் எங்கே வாழ்கின்றன? ஹாலிலும் சமையலறை வாசலிலும் மனிதர்களின் கால்களுக்கிடையே ஓடுகின்றனவா, மொட்டைமாடி ஷெட்டில் அடுக்குக் கூண்டுகளில் இருக்கின்றனவா? குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதர்களைப் பழகிக்கொள்ளும் பருவம். அந்த நாட்களில் மிக்ஸி சத்தம், குழந்தை அழுகை, காலிங் பெல் எல்லாம் கேட்டு, தினமும் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி உங்கள் மடியில் வந்து உட்காரும். கூண்டில் வளர்ந்தது கட்டிலுக்கு அடியில் உட்காரும்.

பிறகு தாய். எலும்பு தெரிகிறதா, முடி திட்டுத்திட்டாகக் கொட்டியிருக்கிறதா, கண்ணில் சீழ் இருக்கிறதா, வீட்டுக்காரர் தொட்டால் ஒதுங்குகிறதா? பால் கொடுக்கிற தாய் கொஞ்சம் மெலிந்து, முடி உதிர்ந்து இருப்பது இயல்பு. ஆனால் கண்ணில் தெளிவு இருக்க வேண்டும். “இது எத்தனையாவது ஈற்று? போன ஈற்று எப்போ?” என்று கேளுங்கள். பூனை பகல் நீளத்தைப் பொறுத்துச் சூட்டுக்கு வரும் பிராணி. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இயற்கையே அதற்கு ஓய்வு கொடுத்துவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு வருஷம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளம். தாய்க்கு ஓய்வு கொடுப்பது முழுக்க வளர்ப்பவர் கையில்தான். பேராசைக்காரர் வருஷத்துக்கு மூன்று ஈற்று எடுத்துவிடுவார். ஐரோப்பாவின் ஃபைஃப் அமைப்பு 24 மாதத்தில் மூன்று ஈற்றுக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. நீங்கள் போகிற இடத்தில் கணக்கு எப்படி என்று பாருங்கள்.

குட்டியின் வயதிலும் பொய் சொல்வார்கள். அதற்கும் பல் இருக்கிறது. எட்டு வாரத்துக்குள் 26 பால்பற்களும் வந்துவிடும். ‘மூன்று மாசக் குட்டி’ என்கிறார், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் கடைவாயில் பல்லே இல்லை என்றால் அவர் மாதத்தை வேறு காலண்டரில் எண்ணுகிறார். சமையலறைத் தராசும் உதவும். ஆரோக்கியமான குட்டி எட்டு வாரத்தில் முக்கால் கிலோவைத் தாண்டியிருக்கும், பன்னிரண்டு வாரத்தில் ஒன்றேகால் கிலோவை ஒட்டி இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாதது

தாயைப் பார்த்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது. இதோடு முடியவில்லை. பெர்சியன் பரம்பரைக்கு என்றே ஒரு சிறுநீரக நோய் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பிறவியிலேயே தொடங்கி வருஷாவருஷம் பெரிதாகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஏழு வயதை ஒட்டி, பூனை நிறையத் தண்ணீர் குடித்து, மெலிந்து, சாப்பாட்டை ஒதுக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போயிருக்கும். பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெர்சியன்களுக்கு இது இருந்தது.

கொடுமை என்னவென்றால், இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய நோய். தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு அந்த மரபணுப் பிழை இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வந்துவிடும். அந்தப் பிழை எது என்று 2004இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்து அனுப்பினால் போதும். பூனைக்கு இருக்கிறதா இல்லையா என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும். சோதித்து, இருக்கிற பூனைகளை இணை சேர்க்காமல் விட்டால் அடுத்த தலைமுறையிலேயே அந்த வீட்டில் நோய் நின்றுவிடும். பொறுப்பான ப்ரீடருக்கும் மற்றவருக்கும் நடுவில் இருக்கிற கோடு இதுதான்.

“டிஎன்ஏ எல்லாம் நம்ம ஊர்ல யார் சார் பண்றா?” என்பார்கள். சரி, வேண்டாம். பத்து மாதம் தாண்டிய பூனைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே நீர்க்கட்டி தெரிந்துவிடும். ஸ்கேன் வசதி உள்ள கால்நடை மருத்துவமனைகள் இன்று பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கவே இருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் ஸ்கேன் அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதே பாதிப் பதில்.

வேறு ஜாதி என்றால் கேள்வியும் வேறு. மெய்ன் கூன், ரேக்டால் பூனைகளுக்கு இதயத் தசை தடிக்கிற நோய் பரம்பரையில் உண்டு. அதற்கும் மரபணுச் சோதனை இருக்கிறது, எக்கோ ஸ்கேனும் எடுக்க வேண்டும். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்டுக்கு எந்தக் கேள்வியும் வேண்டாம், வாங்கவே வாங்காதீர்கள். 1961இல் ஸ்காட்லாந்தின் ஒரு பண்ணையில் காது மடங்கிய பூனை ஒன்று கண்ணில் பட்டதில் தொடங்கிய ஜாதி இது. காதை மடக்குகிற அதே குருத்தெலும்புக் கோளாறு அந்தப் பூனையின் கால், வால் மூட்டுகளிலும் இருக்கிறது. அது ‘சமர்த்தாக’ ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதற்கு வலியும் காரணமாக இருக்கலாம். பிறந்த நாட்டிலேயே பதிவு செய்ய மறுத்துவிட்ட ஜாதியை நாம் லட்சக் கணக்கில் விலை கேட்டு வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அன்றாட நோய்களுக்கு வருவோம். பெர்சியன் குட்டிகளைப் பிடித்து ஆட்டுவது படர்தாமரை. என் சித்தி மகன் மதுரையில் ஒரு குட்டி வாங்கினான். காதுக்குப் பின்னால் காலணா அளவுக்கு முடி இல்லை. “அம்மா நக்கினதுல போயிருக்கு தம்பி, வளர்ந்துடும்” என்றார் விற்றவர். கொஞ்ச நாளில் அவன் மகளின் முழங்கையில் வட்டமாகச் சிவந்தது, அடுத்து சித்தியின் கழுத்தில். பூனைக்கு மருந்துக் குளியலும் மாத்திரையும், மனிதர்களுக்குக் களிம்பு, மெத்தை தலையணை எல்லாம் வெயிலில். உதிர்ந்த முடியில் இருக்கிற பூஞ்சை வித்துக்கள் வீட்டுக்குள் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதால் அது லேசில் ஓயவில்லை. விற்றவர் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆகவே முடியைப் பிரித்து, காது விளிம்பு, மூக்கு நுனி, கால்விரல் இடுக்கு எல்லாம் பாருங்கள். சின்ன வழுக்கை இருந்தாலும் டாக்டரிடம் காட்டிய பிறகே பேச்சு. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக இருந்தால் காதுப்பூச்சி. அது சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் வளர்த்தவர் கவனம் எவ்வளவு என்று காட்டிவிடும்.

அடுத்தது பான்லூக்கோபீனியா. பூனை வளர்ப்பவர்கள் எஃப்பிவி என்பார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல். தடுப்பூசி போடாத குட்டி இரண்டு மூன்று நாளில் போய்விடும். இந்தக் கிருமி வீட்டுத் தரையில் ஒரு வருஷம் வரை தாக்குப்பிடிக்கும். அதனால் ப்ரீடரிடம் தயங்காமல் கேளுங்கள்: “போன ஒரு வருஷத்துல உங்க வீட்ல குட்டி ஏதாவது செத்துச்சா? எதனால?” எந்தப் பூனை வீட்டிலும் சாவு நடக்கும். காரணத்தை நேராகச் சொல்பவரை நம்பலாம். “நம்மகிட்ட எதுவும் சாகாது சார்” என்பவரை நம்பவேண்டாம்.

தடுப்பூசி அட்டையில் மூன்று நோய்களுக்கான ட்ரைகேட் ஊசியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். பேனாவில் ‘வேக்சின் போட்டாச்சு’ என்று எழுதியிருந்தால் அது தடுப்பூசி இல்லை, பேனா மைதான். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை. ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். பன்னிரண்டு வாரக் குட்டி என்றால் குறைந்தது இரண்டு ஊசியாவது ஏறியிருக்க வேண்டும்.

பேப்பர் என்றால் என்ன பேப்பர்?

1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்ததற்குப் பிறகுதான் பூனைக்கு வம்சாவளி எழுதி வைக்கும் பழக்கம் வேர் பிடித்தது. இன்று சி.எஃப்.ஏ., டி.ஐ.சி.ஏ., ஃபைஃப், டபிள்யூ.சி.எஃப். என்று பல அமைப்புகள் பதிவு செய்கின்றன. இந்தியாவில் ஃபெலைன் கிளப் ஆஃப் இந்தியா பூனைக் கண்காட்சிகள் நடத்துகிறது. பெடிகிரி என்பது இப்படி ஒரு அமைப்பு கொடுக்கிற சான்று. குட்டியின் பெயர், பதிவு எண், தாய் தகப்பன் தொடங்கி குறைந்தது மூன்று தலைமுறை முன்னோர்களின் பெயர்கள் அதில் இருக்கும்.

நம் ஊரில் ‘பேப்பர்’ என்று காட்டுவது பல நேரம் தடுப்பூசி அட்டை மட்டுமே. “கேசிஐ பேப்பர் இருக்கு” என்று பூனைக்குச் சொல்பவரும் உண்டு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நம் சென்னையில்தான் இருக்கிறது, ஆனால் அது நாய்களுக்கானது. பூனைக்கு அந்தப் பேரைச் சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சான்று நிஜமா என்று பார்க்க, அதிலுள்ள பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த அமைப்புக்கே மின்னஞ்சலில் எழுதிக் கேட்கலாம். பதிவான ப்ரீடருக்குக் கேட்டரி பெயர் ஒன்று இருக்கும். அவர் வீட்டில் பிறந்த பூனைகளின் பதிவுப் பெயரில் அதுவும் சேர்ந்திருக்கும். தாய்க்கு மைக்ரோசிப் இருந்தால் அதில் 15 இலக்க எண் இருக்கும். ஸ்கேனர் உள்ள டாக்டரிடம் படித்து, சான்றில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம். முன்னோர் பட்டியலில் ஒரே பெயர் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் திரும்பத் திரும்ப வந்தால் நெருங்கிய உறவுக்குள் இணை சேர்த்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். பெடிகிரி சான்று யாருக்குப் பிறந்தது என்றுதான் சொல்லும், எப்படி வளர்ந்தது என்று சொல்லாது. சான்றும் ஸ்கேன் அறிக்கையும் தாயும் மூன்றும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை. சான்று இல்லையா? பரவாயில்லை என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் வாங்குவது நீளமுடிப் பூனை. அதற்கு ஜாதிப் பூனை விலை கொடுக்காதீர்கள். அல்லது ப்ளூ கிராஸ் போன்ற இடத்திலிருந்து ஒரு நாட்டுக்குட்டியைத் தத்தெடுங்கள். நாட்டுப்பூனைக்கு இந்தச் சிறுநீரகத் தொல்லையும் அநேகமாக இல்லை, தினமும் சீப்பெடுக்கும் வேலையும் இல்லை.

சட்டம் நம்மைக் காப்பாற்றாதா என்றால், கொஞ்சம்தான். 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த இனவிருத்தி விதிகள் நாய்களுக்கு மட்டும். 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் பூனை விற்கும் கடைகளுக்கும் பொருந்தும்; மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்தே கடை நடத்த வேண்டும். கடை என்றால் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

நல்லவர் உங்களைக் கேள்வி கேட்பார்

நீங்கள் கேள்வி கேட்பதோடு விஷயம் முடிந்தால் அவர் வியாபாரி. திருப்பிக் கேட்டால்தான் ப்ரீடர். “அபார்ட்மென்ட்டா? எத்தனாவது மாடி? பால்கனிக்கு வலை போட்டாச்சா? பகல்ல வீட்ல யார் இருப்பாங்க? தினமும் யார் சீப்பு போடுவாங்க? ஏசி இருக்கா? வேற பூனை இருக்கா, அதுக்கு ஊசி போட்டிருக்கா?” என்று துளைப்பார். சிலருக்கு இது கோபம் வரவழைக்கும். பணம் கொடுக்கிறவன் நான், விசாரணை எனக்கா என்று. கோபப்படாதீர்கள். இரண்டு மாதம் ராத்திரி முழித்து வளர்த்த குட்டியை யார் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று யோசிக்கிற மனிதரிடம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

அவர் எழுத்தில் ஒப்பந்தமும் கேட்பார். குட்டிக்கு உரிய வயதில் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டும், உங்களால் வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாமல், வேறு யாருக்கும் விற்காமல் தன்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று. இந்த இரண்டு நிபந்தனையும் உள்ள ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். மாறாக, “பொண்ணு குட்டி எடுத்துக்கோங்க சார், ஒரு ஈற்றுல போட்ட காசு வந்துடும்” என்று சொல்பவர் உங்களை அடுத்த மொட்டைமாடி ஷெட்டுக்குத் தயார் செய்கிறார்.

பணமும் பயணமும்

நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். பார்த்துப் பிடித்த பிறகு கொடுக்கும் தொகைக்கு ரசீது வாங்குங்கள். விற்றவர் பெயர், முகவரி, குட்டியின் பிறந்த தேதி, நிறம், தாய் தகப்பன் பெயர் அதில் இருக்கட்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றால் வழக்கு தள்ளாடும். “மூணு நாளுக்குள்ள எங்க டாக்டர்கிட்ட காட்டுவோம். அவர் வேண்டாம்னு சொன்னா திருப்பித் தருவோம். ரெண்டு வாரத்துக்குள்ள எஃப்பிவி வந்தா பொறுப்பு உங்களுது” என்று எழுதி வாங்குங்கள். இரண்டு வாரம் என்பது சும்மா சொல்வதில்லை. அந்தக் கிருமி உடம்பில் ஏறி நோயாக வெளிவர அதற்குள் ஆகிவிடும் என்பதால், அந்தக் கெடுவுக்குள் வந்தால் பெரும்பாலும் விற்ற வீட்டில் ஒட்டியதாகத்தான் இருக்கும்.

கூட்டிவரும் நாளில் கெட்டியான பூட்டுள்ள பெட்டி, தாயின் வாசனை ஏறிய ஒரு பழைய துணி, அங்கே தின்றுகொண்டிருந்த அதே தீனியில் ஒரு வாரத்துக்கான அளவு. தீனியைத் திடீரென்று மாற்றினால் பேதி நிச்சயம். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் புதுக்குட்டிக்குத் தனி அறை, தனி லிட்டர் பாக்ஸ், இரண்டு வாரம். சென்னைவாசிகள் மாநகராட்சி உரிமத்தையும் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள்.

இவ்வளவும் பார்த்தால் குட்டியே கிடைக்காது என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்காது. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவரிடம் எந்நேரமும் குட்டி இருப்பு இருக்காது. அடுத்த ஈற்றுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கச் சொல்வார். விலையும் சந்தை விலையைவிடக் கூடுதலாக இருக்கும். தடுப்பூசி, ஸ்கேன், மூன்று மாதத் தீனி எல்லாம் அதில் அடக்கம். பத்தாயிரத்துக்குக் குட்டி வாங்கி, முதல் மாதமே அதே தொகையை மருத்துவமனையில் கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆறு வாரக் குட்டியை விற்பவர்கள் விற்பதற்குக் காரணம், ஆறு வாரக் குட்டியைக் கேட்டு வாங்க நாம் இருப்பதுதான். சின்னதாக இருந்தால்தான் அழகு, உடனே வேண்டும், குறைவாக வேண்டும் என்று நாம் கேட்கிறவரை அந்த ஷெட்டுகள் மூடப்போவதில்லை. ஆகவே இந்தப் பதிவில் வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இரண்டு விதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். மூன்று மாதம் ஆகாத குட்டியை யார் கொடுத்தாலும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.